டைகர் போன ஜீப்

எங்கள் பேண்டின் பெயர் ஹில் பாய்ஸ். அதில் டிரம்ஸ் வாசித்தவள் நான், ஆரோக்கியசெல்வி. பெயரை மாற்றச் சொல்லி கிட்டார் வாசிக்கும் கிறிஸ்துதாஸிடம் நான் போடாத சண்டை இல்லை. "நோட்டீஸ் அடிச்சாச்சு செல்வி, அது தீரட்டும்" என்பான். அவன் என் பெரியம்மா மகன் என்பதால் அடிக்கவும் முடியவில்லை. கோபம் வந்தால் எனக்கு வாய்க்கு முன்னால் கை நீளும். மாதா கோவிலில் வேண்டாமென்று ஒதுக்கிப் போட்டிருந்த டிரம்ஸ் செட்டை அப்பா எனக்கு வாங்கி வந்ததே அதனால்தான் என்று அம்மா சொல்வாள்.

அப்பா அருள்சாமி எஸ்டேட் ஜீப் டிரைவர். எஸ்டேட் குவார்ட்டர்ஸில் இரண்டு அறை வீடு. காபி சீசன் முடிந்து, பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் மிஷின் ஓய்ந்தபின் அந்தக் கொட்டகையில் நாங்கள் பிராக்டிஸ் செய்துகொள்ள அப்பாதான் அனுமதி வாங்கித் தந்தார். போய்ப் பார்த்தால் கொட்டகையின் மறுபாதியை ஏற்கெனவே செல்லப்பன் கோஷ்டி பிடித்திருந்தது. செல்லப்பண்ணா எஸ்டேட்டில் மருந்தடிக்கிற வேலை பார்ப்பவர். வாழவந்தி, கிளியூர்ப் பக்கம் எந்தத் திருவிழா என்றாலும் அவருடைய சிரிப்பு நாடகம் இருக்கும். அவருக்குக் கூட்டாளி சித்தன், ஒல்லிக்குச்சி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஆளைச் சிரிக்க வைப்பவன்.

இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு. எங்கள் இங்கிலீஷ் பாட்டு அவர்களுக்கு இரைச்சல், அவர்கள் வசனம் எங்களுக்குத் தொல்லை. ஒருநாள் எரிச்சல் தாங்காமல், அவர்கள் பேச்சின் நடுவே டிரம்மையும் பித்தளைத் தட்டையும் சேர்த்து ஓங்கி ஒரு அடி அடித்தேன். அந்தப் பக்கம் திடீரென்று அமைதி. பிறகு எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். செல்லப்பண்ணா தடுப்புக்கு மேலே தலையை நீட்டினார்.

"அம்மிணி, இன்னொருக்கா அடி. சரியா எடத்துல உழுந்துச்சு."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஜோக்கைச் சொல்லிவிட்டு அவர்கள் ஒரு மூச்சு நிறுத்துவார்கள். இந்தப் பக்கமிருந்து என் அடி விழும். அதன்பிறகுதான் அடுத்த வசனம். பாட்டில் அடி எங்கே விழ வேண்டுமென்று எனக்குத் தெரியும்; சிரிப்புக்கும் அதே கணக்குத்தான் என்று அங்கேதான் கற்றேன். இரண்டு சீசன் இப்படிப் போனதில் எங்கள் பாட்டெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம், அவர்கள் வசனமெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். திருவிழாக்களுக்கும் ஒரே வேனில் போனோம். ஒரே குண்டானில் சாப்பிட்டோம்.

மூன்றாவது சீசன், எண்பத்தைந்து ஜனவரி, செல்லப்பண்ணாவின் மனைவி முத்தாயிக்குப் பிரசவ வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே சேலம் கொண்டு போங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். செல்லப்பண்ணா ஓடிப்போய் மேனேஜரிடம் ஜீப் கேட்டார். "ஜீப் டைகருக்கு வேணும்" என்றார் மேனேஜர். டைகர் அவருடைய நாய். அதன் காலில் முள் ஏறிச் சீழ் வைத்திருந்தது.

ஆரஞ்சுப் பழம் ஏற்றும் லாரி ஒன்றில் முத்தாயியை ஏற்றினார்கள். மலைப்பாதையில் பாதியில் ஒரு வளைவில் லாரி நின்றுபோனது. ரோட்டோரம் ஜமுக்காளம் விரித்து அவளைப் படுக்கவைத்துவிட்டு, வருகிற வண்டிக்காகக் காத்திருந்தார்கள். அந்த வழியாகத்தான் டைகரை ஏற்றிக்கொண்டு அப்பா ஓட்டிய ஜீப் இறங்கியது. நிற்கவில்லை. முத்தாயி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

"ஒரே பனி கண்ணு. ஒண்ணுந் தெரியல" என்று அப்பா சொன்னார். வீட்டிலும் சொன்னார், பாதிரியாரிடமும் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார். நான் நம்பினேன். நம்பாமல் அந்த வீட்டில் எப்படிச் சோறு தின்பது? செல்லப்பண்ணா மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவைக் கண்டால் எப்போதும்போல் வணக்கம் வைத்தார். அவர் அப்பாவின் சட்டையைப் பிடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மார்ச்சில் மறுபடி கொட்டகைக்குப் போனோம். தடுப்புக்கு அந்தப் பக்கம் புது நாடகம். ஜீப்பில் நாய் போகிறது. செல்லப்பண்ணாதான் நாய். சித்தன் டிரைவர். டிரைவர் அப்பாதான் என்று தெரிந்தும் கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது. அதுதான் கொடுமை. வழக்கம்போல் அவர்கள் நிறுத்துகிற இடத்திலெல்லாம் அடித்தேன், ஒரே ஓர் இடம் தவிர. வளைவில் யாரோ படுத்திருக்கிறார்கள், வண்டியை நிறுத்தேன் என்று நாய் கேட்கும். "பனிங்க. ஒண்ணுந் தெரியலீங்க" என்பான் சித்தன். அங்கே ஒரு மூச்சு நிறுத்துவார்கள். என் கை எழும்பாது. ஏனென்று அவர்களும் கேட்கவில்லை. அந்த இடம் ஒவ்வொரு நாளும் காலியாகவே போனது.

ஏப்ரலில் எஸ்டேட் விருந்து. காபி காயவைக்கும் களத்தில் மேடை. முதலில் எங்கள் பாட்டு, அடுத்து செல்லப்பன் நாடகம். முந்தின நாள் சாயந்திரம் அப்பா முகம் வெளிறி வீட்டுக்கு வந்தார்.

"தொரைக்கு நாடகம் தெரிஞ்சுபோச்சு. தடுத்தா தொழிலாளர் சங்கத்துக்காரங்க சண்டைக்கு வருவாங்களாம். அதனால நடக்கட்டுங்கறாரு. அவரு தொப்பியக் கழட்டுனா நீங்க வாசிக்கோணும். யார் பேசறதும் கேக்கக் கூடாது."

"நானா?"

"நீதான் கண்ணு. உன் சத்தத்துக்கு மேல எவன் பேச முடியும்? வாசிக்கலீன்னா நாளைக்கே ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்திருந்தது. குடம் தூக்கக் கூடாது, மேடு ஏறக் கூடாது. வாசலிலேயே குழாய் உள்ள வீடு அது ஒன்றுதான். நான் என்ன சொல்வது? "ஏப்பா, உங்களுக்கு வெக்கமா இல்லையா?" என்று மட்டும் கத்தினேன். அப்பா ஜீப் சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

காலையில் செல்லப்பண்ணாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் அட்டையில் நாய்க்காது வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் முத்தாயி கோந்து தடவிக்கொண்டிருந்தாள்.

"வாசி அம்மிணி" என்றார். "உங்கம்மா எங்க போவாங்க பாவம்? நீ வாசி. நாங்க அதுக்கு மேல கத்திப் பாக்கறோம்."

முத்தாயி என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

சாயங்கால வெயில் களத்தில் சாய்வாக விழுந்திருந்தது. முன்வரிசையில் நாற்காலி போட்டு மேனேஜர், தலையில் தொப்பி. அவருக்குப் பின்னால் தரையில் எஸ்டேட் ஜனம் முழுக்க. ஓரத்தில் ஜீப்பும் அதன் கதவில் சாய்ந்தபடி அப்பாவும். எங்கள் பாட்டுக்குக் கைதட்டினார்கள். வாத்தியங்களை எடுக்காமல் அப்படியே மேடையின் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டோம். அதுவும் மேனேஜர் உத்தரவு.

செல்லப்பண்ணா அட்டைக்காதோடு வந்து பெஞ்சில் ஜம்மென்று உட்கார்ந்தார். சித்தன் ஓடிவந்து கைகட்டி நின்றான்.

"ஏனுங்க டைகருங்க, கண்ணாடிய ஏத்தட்டுங்களா? காதுல காத்து அடிக்குமுங்க."

"வேண்டாமப்பா. ரோட்டுல போறவங்களப் பாக்கோணும். பாவம், ரெண்டே காலு, அதுலயும் நடந்து போறாங்க."

நிறுத்தினார்கள். ஒரு சிரிப்பு இல்லை. அத்தனை பேரும் மேனேஜரின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சிரிக்காமல் யார் சிரிப்பது? செல்லப்பண்ணா என் அடிக்குக் காத்துப் பழகியவர். அடி விழாமல் அடுத்த வசனம் அவர் வாயில் வரவில்லை. மேடையில் அவர் திக்கி நான் பார்த்ததே கிடையாது. சித்தன் வேறு ஏதோ சொல்லி ஒப்பேற்றினான், அதுவும் செத்து விழுந்தது. குழந்தையைப் பறிகொடுத்தவன் நாய்க்காது கட்டிக்கொண்டு ஊமைக் கூட்டத்தின் முன் நிற்கிறான்.

மேனேஜர் தொப்பியைக் கழற்றினார்.

கிறிஸ்துதாஸ் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் குச்சியைத் தூக்கினால்தான் அவன் தொடங்க முடியும். அப்பா ஜீப்பை விட்டு ஓரடி முன்னால் வந்து, வாசி என்று கையால் கெஞ்சினார். எனக்கு அம்மாவின் குழாய் தெரிந்தது, குடம் தெரிந்தது. குச்சியைத் தூக்கினேன். ஆனால் உடனே இறக்கவில்லை.

"எனக்குக் கால்ல முள்ளு. உனக்கு என்னப்பா?" என்றது நாய்.

"ஒரு வாரமா காய்ச்சலுங்க."

"அடடா. நாயாப் பொறந்திருந்தா டாக்டரப் பாத்திருக்கலாம்."

அடித்தேன். டிரம்மும் தட்டும் சேர்த்து ஒரே அடி, கொட்டகையில் அடிப்பதுபோல, அதே இடத்தில். தரையில் இருந்த அத்தாயி கிழவி "ஹெ" என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். செல்லப்பண்ணாவின் முதுகு நிமிர்ந்தது. அடுத்த ஜோக், அடுத்த அடி. களம் முழுக்கச் சிரிப்பு எழுந்தது. நான் பாட்டைத் தொடங்கப் போகிறேன் என்று எண்ணி மேனேஜர் தொப்பியை ஆட்டி ஆட்டி அவசரப்படுத்தினார். நான் உத்தரவுப்படி வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் அடக்கச் சொன்ன சிரிப்பு என் ஒவ்வொரு அடிக்கும் கூடிக்கொண்டே போனது.

அவருக்கு விஷயம் புரிந்து எழுந்தபோது நாடகம் வளைவுக்கு வந்துவிட்டது.

"டிரைவரு, அங்க ரோட்டோரம் யாரோ படுத்திருக்காப்ல இருக்குது. நிறுத்தேன்" என்றது நாய்.

"பனிங்க. ஒண்ணுந் தெரியலீங்க" என்றான் சித்தன்.

அந்த இடம். என் கை எழும்பவில்லை. சிரித்துக்கொண்டிருந்த கூட்டமும் அடங்கிவிட்டது. மேனேஜர் "பேண்டு! வாசி!" என்று கத்தினார். குச்சிகளைத் தரையில் வைத்துவிட்டேன்.

"பனி இல்லீங்க."

குரல் ஜீப் பக்கமிருந்து வந்தது. அப்பா மேடையைப் பார்த்தபடி களத்தின் நடுவே நடந்து வந்துகொண்டிருந்தார்.

"அன்னிக்கு நல்ல வெயிலு. நான் பாத்தேன் செல்லப்பா. முத்தாயியையும் பாத்தேன். தொரை நேரா டாக்டர்கிட்டப் போகச் சொன்னாரு. நான் நிறுத்தல."

மூன்று மாதமாக அந்தப் பனியை நம்பிச் சாப்பிட்ட சோறு அத்தனையும் தொண்டையில் வந்து நின்றது.

செல்லப்பண்ணா அட்டைக்காதைக் கழற்றினார். "தெரியுமுங்க டிரைவரண்ணா. வளைவு திரும்பற வரைக்கும் கண்ணாடியில எங்களையே பாத்துட்டுப் போனீங்க. நானும் உங்களத்தான் பாத்துட்டிருந்தேன்."

அப்பா ஜீப் சாவியை மேனேஜரின் நாற்காலியில் வைத்தார்.

மறுநாள் காலை ஒரே லாரியில் இரண்டு வீட்டுச் சாமான் ஏறியது. செல்லப்பண்ணாவையும் வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். இரண்டு குடும்பமும் அடிவாரத்தில் என் அத்தை வீட்டுக்கு. அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்தோம். பின்னால் டிரம்ஸ், அட்டைக்காது, குடங்கள், நாங்கள். அப்பாவிடம் பேச எனக்கு மனமில்லை. பேசாமல் இருக்கவும் முடியவில்லை.

அந்த வளைவு வந்ததும் அப்பா லாரியை நிறுத்தச் சொன்னார். இறங்கிப்போய், ஜமுக்காளம் விரித்திருந்த இடத்தில் நின்றார். தோள் குலுங்கியது. எவ்வளவு நேரம் நின்றாரோ, லாரி டிரைவர் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டார்.

செல்லப்பண்ணா மெல்லக் குரல் கொடுத்தார். "டிரைவரண்ணா, இன்னிக்கு வண்டி நின்னுருச்சுங்க."

சொல்லிவிட்டுப் பழக்கதோஷத்தில் ஒரு மூச்சு நிறுத்தினார். நான் அடிக்கவில்லை. எதை அடிப்பது?

முத்தாயிதான் கையை ஓங்கி லாரியின் பக்கத் தகரத்தில் பட்டென்று அடித்தாள். ஜனவரிக்குப் பிறகு அவள் எங்கள் வீட்டார் ஒருவரிடம் வாய் திறந்தது அப்போதுதான்.

"நின்னது போதுமுங்க. ஆபரேஷன் பண்ணுன அக்கா முன்னால வெயில்ல உக்காந்திருக்காங்க. ஏறுங்க, போலாம்."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஏறுவதற்கு அவள்தான் கை கொடுத்தாள்.