ஸ்டெப்னிக் கல்லூரி

என் தம்பி கர்ட் வீடு வீடாகப் போய் குளிருக்கு எரியும் ஹீட்டர்களைப் பழுதுபார்க்கிறவன். கையில் ஒட்டும் கரியை எங்கள் கல்லூரிப் பனியனால்தான் துடைப்பான். அவன் மகள் ஹேட்டிக்கு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நான் வாங்கிக் கொடுத்த பனியன்கள் அவை. அவளுக்குச் சின்னதாகிப் போனதெல்லாம் அவன் வண்டிக்குப் போய்விடும்.

"நல்ல பருத்தி அக்கா. உங்க காலேஜ்லயே உருப்படியான சமாச்சாரம் இதுதான்" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அடுத்த வருடமும் பனியன்தான் வாங்குவேன்.

எங்கள் கல்லூரி என்றால், நான் வேலை பார்க்கும் கல்லூரி. ஏரிக்கரையில் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. அட்மிஷன் அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் படிப்பது என் வேலை. நான் படித்துக் கருத்து எழுதலாம். முடிவெடுப்பது ஒரு கமிட்டி. ஒஹையோவுக்கு வெளியே எங்கள் பெயரைச் சொன்னால் 'அது எங்கே இருக்கிறது?' என்பார்கள். உள்ளூரிலோ இன்னும் மோசம், எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே மதிப்பில்லை.

போன இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கர்ட் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஹேட்டி எந்தெந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது என்று படித்துக் காட்டினாள். பள்ளிக்கூட ஆலோசகர் சொன்னபடி மூன்று பிரிவு. மேலே கனவுக் கல்லூரிகள், எல்லாம் கிழக்குக் கரையின் பெரிய பெயர்கள். நடுவில் 'கிடைத்தாலும் கிடைக்கும்' என்று இரண்டு. கடைசியில், எது கைவிட்டாலும் கைவிடாது என்று வைத்துக்கொள்ளும் பத்திரமான கல்லூரி. அதில் எங்கள் பெயர் மட்டும் தனியாக நின்றது.

"கீழ ஒண்ணுதானே இருக்கு? ஸ்டேட் யூனிவர்சிட்டியையும் சேத்துப் போட்டு வை" என்றேன்.

"எதுக்கு அண்ணி? அதான் உங்க காலேஜ் இருக்கே" என்றாள் தம்பி மனைவி டெனீஸ், உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையை என் தட்டில் தள்ளியபடி.

"என் காலேஜா? நான் அங்க சம்பளத்துக்கு வேலை பாக்கறேன், அவ்வளவுதான்."

"இவ மார்க்குக்கு உங்க ஆளுங்க வாசல்ல வந்து கும்பிட்டுக் கூட்டிட்டுப் போகணும். நம்ம கொல்லைப்புறத்துக்குள்ள போறதுக்கு அனுமதிச் சீட்டா?" என்றான் கர்ட்.

"மார்க் இருந்தா மட்டும் போதாதுடா. சரி ஹேட்டி, ஒரு தடவை வந்து டூர் எடுத்துக்கோ. பேரு குடுத்து முறையா வா. அதையெல்லாம் எங்க ஆளுங்க பாப்பாங்க."

ஹேட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். "டூரா? ரோ அத்தை, உங்க நீச்சல் குளத்துல முங்கிச் சாகப் பாத்தவ நான். வர்றவங்களுக்கு நானே சுத்திக் காட்டுவேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சொன்னது நிஜம். அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போனதால் பள்ளி விட்டதும் பஸ் அவளை என் அலுவலக வாசலில்தான் இறக்கிவிடும். குளத்தில் நீச்சல் கற்றாள். நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் பனியில் சறுக்கிப் பல்லை உடைத்துக்கொண்டாள். பரிசோதனைக்காக ஏரித் தண்ணீர் எடுக்கப் போகும் எங்கள் படகில் பேராசிரியர்கள் அவளை ஏற்றிக்கொண்டு போவார்கள். அந்தப் படகில்தான் அவளுக்கு ஏரிப் பைத்தியம் பிடித்தது. படித்தால் தண்ணீரைப் பற்றித்தான் படிப்பேன் என்று அன்றிலிருந்து ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

ஆனால் எங்கள் கம்ப்யூட்டருக்குப் பல் உடைந்த கதை தெரியாது. யார் டூருக்கு வந்தார்கள், யார் எங்கள் மின்னஞ்சலைத் திறந்தார்கள், யார் எங்களோடு பேசினார்கள், இவ்வளவுதான் அதற்குத் தெரியும். மார்க்கை அள்ளிக் குவித்த பிள்ளை ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை என்றால், எங்களை ஸ்டெப்னியாகக் கட்டி வைத்திருக்கிறது என்று அர்த்தம். இடம் கொடுத்தால் வேறெங்கோ போய்விடும். கூப்பிட்டும் வராதவர்கள் அதிகமானால் எங்கள் மதிப்பு இறங்கும். அதனால் அப்படிப்பட்டவர்களை நாங்கள் முந்திக்கொண்டு காத்திருப்போர் வரிசையில் போட்டுவிடுவோம். கேவலமான பழக்கம். நானும் அதில்தான் சோறு தின்கிறேன்.

இதையெல்லாம் அன்றைக்கே அவர்களிடம் விலாவாரியாகச் சொன்னேன். "அதெல்லாம் ஊர் பேர் தெரியாதவங்களுக்கு அக்கா" என்று கர்ட் கையை அசைத்துவிட்டான்.

ஹேட்டி விண்ணப்பித்த நாளிலேயே என் வாய்க்குப் பூட்டு விழுந்தது. சொந்தக்காரப் பிள்ளை விண்ணப்பித்தால் நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளையைப் பற்றி அலுவலகத்தில் ஒரு சொல் பேசக் கூடாது. பேசினால் என் வேலையும் போகும், விண்ணப்பமும் குப்பைக்குப் போகும்.

பிப்ரவரியில் கமிட்டி உட்கார்ந்தது. திரையில் அவள் பெயர் வந்ததும் யாரும் சொல்வதற்குள் எழுந்துவிட்டேன். வெளியே வராந்தாவில் காபி பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக் கதவு வழியாக எங்கள் தலைவர் லென்னின் முதுகு தெரிந்தது. அவள் இங்கேயே வளர்ந்தவள்டா, எங்கள் படகின் பெயர் தெரியும், சமையல்காரர்கள் பெயரெல்லாம் தெரியும் என்று கதவைத் திறந்து கத்தலாம் போல இருந்தது. ஒரு பிள்ளைக்காக உள்ளே சண்டை நடந்தால் வெளியே நிற்பவரின் காபி ஆறிப்போகும். என் காபி சுடச்சுட இருக்கும்போதே கதவு திறந்தது.

"வா ரோ" என்றார் லென். திரையில் வேறு யாரோ பெயர் இருந்தது. ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச்சில் முடிவு வந்தது. காத்திருப்போர் வரிசை. கர்ட் போனில் எகிறினான். "என்னக்கா இது? உங்க இடத்துக்கு என் பொண்ணு பத்தலையாமா?" ஹேட்டியோ அப்போது பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. 'ஏன் எங்கள் கல்லூரி?' என்ற கேள்விக்கு, விருப்பமிருந்தால் எழுதலாம் என்று போட்டிருந்ததால் எழுதவே இல்லையாம். அந்த நேரத்தில் கனவுக் கல்லூரிகளுக்கு எழுதிக்கொண்டிருந்தாளாம். "அங்கயெல்லாம் தெரியாத இடத்தை ஏன் பிடிக்கும்னு பக்கம் பக்கமா எழுத வேண்டியிருந்தது அத்தை" என்றாள்.

அந்த மாதக் கடைசிக்குள் மேலே இருந்தவை எல்லாம் கைவிரித்தன. நடுவில் இருந்த இரண்டும் கைவிரித்தன. ஸ்டேட் யூனிவர்சிட்டியின் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது நெடுஞ்சாலை ஓரத்தில், வருகிற எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் இரண்டு வருடக் கல்லூரி மட்டும். அதில் படிப்பதில் ஒரு கேவலமும் இல்லை. ஆனால் அங்கே படகும் இல்லை, அவள் கேட்கிற படிப்பும் இல்லை.

கர்ட் கரி படிந்த சட்டையோடு நேரே என் வீட்டுக்கு வந்தான். உட்காரக்கூட இல்லை.

"நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்க்கா."

"முடியாதுடா."

"முடியாதா, மாட்டியா?"

என்ன சொன்னாலும் அவன் காதில் ஏறாது. அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போன வேகத்தில் என் தபால் பெட்டி சாய்ந்தது.

ஏப்ரல் நடுவில் லென் எங்களை எல்லாம் கூப்பிட்டார். இந்த வருடம் கணக்கு தப்பிவிட்டது, கூப்பிட்டவர்களில் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வருகிறார்கள், விடுதியில் கட்டிலே போதாது என்றார். காத்திருப்போர் வரிசையிலிருந்து ஒருவரையும் எடுக்கப் போவதில்லை. மே மாதம் கடிதம் போகும், அதுவரை மூச்சு விடக் கூடாது. எல்லோரும் கைதட்டினார்கள், எங்களுக்கு அது வெற்றி அல்லவா? நான் மட்டும் பின்தங்கி நின்று, "லென், என் தம்பி பொண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

"ரோ, அந்தப் பேச்சு வேண்டாம்" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. அவர் கண்ணிலும் சங்கடம் இருந்தது. அதனால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை டூர் மேசையில் என் முறை. ஏரிக் காற்று கதவை அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா அம்மாவோடு வந்த பிள்ளைகளின் வரிசையில், கடைசியில், அம்மாவின் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு ஹேட்டி நின்றாள். தலையைப் படிய வாரியிருந்தாள். காத்திருப்போர் வரிசையில் இருப்பவர்கள் ஆர்வத்தைக் காட்ட வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் லென் உட்கார்ந்திருந்தார்.

அவள் முறை வந்தது.

"பேர் சொல்லுங்க" என்றேன்.

"ஹேட்டி கோவாலிக்."

கம்ப்யூட்டரில் தட்டினேன். அடுத்த கேள்வியை எல்லோரிடமும் கேட்டாக வேண்டும்.

"இதுக்கு முன்னாடி எங்க காலேஜுக்கு வந்திருக்கீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு லென்னைப் பார்த்தாள். எது சரியான பதில் என்று தேடுவது தெரிந்தது.

"இல்லை. இதுதான் முதல் தடவை" என்றாள்.

பெயர் எழுதிய ஸ்டிக்கரை நீட்டினேன். வாங்கும்போது என் பக்கம் குனிந்து, உதடு அசையாமல் கேட்டாள். "இப்ப கணக்குல ஏறிடும்ல அத்தை?"

"ஏறிடும்" என்றேன். பொய் இல்லை, ஏறிவிட்டது.

அவள் முகம் மலர்ந்தது. ஸ்டிக்கரைக் கோட்டில் அழுத்தி ஒட்டிக்கொண்டு கூட்டத்தோடு வெளியே போனாள். வழிகாட்டிப் பையன் அவர்கள் பக்கம் திரும்பிப் பின்னோக்கி நடந்தபடி நீச்சல் குளத்தைக் கைகாட்டி ஏதோ சொன்னான். எல்லோருக்கும் முன்னால் போய் நின்று, ஹேட்டி கையைத் தூக்கிக் கேள்வி கேட்டாள்.