குழலுள் இருந்த மசகு

கார்முகில்கள் இடைவிடாது பொழிந்து ஓய்ந்த காலைப்பொழுது அது. நகரின் ஓசை தேய்ந்து மறையும் எல்லையில், மலைச்சரிவின் மடியில் விரிந்த பழத்தோட்டம், நீராடி எழுந்து தலை துவட்டாத பெண்ணைப்போலச் சொட்டுச் சொட்டாய் நீர் உகுத்துக்கொண்டிருந்தது. கிளைதோறும் தொங்கிய துளிகளில் இளங்கதிர் புகுந்து ஒளிர, காட்டுப்பன்றிகள் கிளறிச் சென்ற மண் புண்போல் வாய்பிளந்து கிடக்க, அவற்றை விரட்டுவார் எவருமின்றி, நடுவே ஓட்டு வீடொன்று கதவைப் பாதி திறந்தபடி தனித்து நின்றது.

அவ்வீட்டில் வாழ்ந்தவள் கோடையின் தொடக்கத்தில் கணவனை இழந்தவள். மக்கட்பேறு வாய்க்காத அவளுக்குப் பேச்சுத்துணை அவன் ஒருவனே. அவனும் மிகுதியாய்ப் பேசுபவன் அல்லன். ஒருநாள் நெஞ்சைப் பிடித்தவாறு சாய்ந்தவன் எழவே இல்லை. அவன் போனபின், ஊரார் துப்பாக்கி என்று வழங்கும் அவனுடைய வேட்டைச் சுடுகலன், கொட்டகை மூலையில் எண்ணெய்த் துணியில் பொதிந்து, மேலெல்லாம் பிசுபிசுப்பு அப்பிக் கிடக்கக் கண்டாள். 'அவர் கை பட்டது இப்படியா கிடப்பது' என்று உள்ளம் பதைத்து, வெந்நீர்த் துணியால் துடைத்து, வெறுங்கையால் தடவித் தடவி மெருகேற்றி, மென்தோல் உறையிலிட்டுப் பேழையுள் பூட்டினாள். நாள்தோறும் திறந்து ஒருமுறை வருடிவிட்டு மூடுவாள். மழைக்காலம் வந்தது. உறையை நீக்கியவள் இரும்பெங்கும் செந்துரு படர்ந்திருக்கக் கண்டு, வீட்டில் இரண்டாம் இழவு விழுந்தாற்போல் கலங்கி, கடைத்தெருவில் சுடுகலன் செப்பனிடும் கம்மியனை வரவழைத்தாள்.

கம்மியன் கலனைக் கையிலெடுத்து, உள்ளே தோட்டா இல்லையென்று முதற்கண் தேர்ந்து, பின் உறையை நோக்கினான்.

"இதுலயா வெச்சிருந்தீங்கம்மா?"

"ஆமாங்க. பத்திரமா இருக்கட்டும்னுதான்."

"தோல் ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். கை வேர்வை பட்டாலும் துருப்பிடிக்கும். பயப்படாதீங்க, மேலோட்டமாத்தான் இருக்கு."

தன் அன்பே அதனை அரித்ததென்று அறிந்து அவள் தலைகுனிந்தாள். கம்மியனோ குழலை ஒளிக்கு நேரே பிடித்து உள்நோக்கினான்.

"உள்ள முழுக்க கிரீஸ் அப்பியிருக்கு. இப்படியே சுட்டா குழலே வெடிச்சுடும். அடுத்த வாரம் எடுக்கப்போறவங்க இதைச் செய்யமாட்டாங்க. வருஷக்கணக்கா மூடி வைக்கறவங்கதான் செய்வாங்க." குழலைத் தாழ்த்தினான். "அவரே கடைக்கு வந்து இந்த கிரீஸை வாங்கிட்டுப் போனார்மா. பன்னி வர்ற காலமாச்சே, இப்ப எதுக்குன்னு கேட்டேன். இனிமே இதைத் தொட ஆள் இருக்காதுன்னார். நெஞ்சு ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டர் சொன்னதா சொன்னார். அது உங்களுக்கும் தெரியும்னு நெனச்சுக்கிட்டேன்."

"எந்த டாக்டர்?" என்றாள் அவள்.

கம்மியன் குழல் துடைக்கும் கோலில் துணியைச் சுற்றலானான். அவள் நினைவிலோ, கணவன் இறப்பதற்குச் சில நாள் முந்திய ஒரு மாலை எழுந்தது. கொட்டகையிலிருந்து அவன் குரல் வந்தது: "கொஞ்ச நேரம் இங்க வந்து உக்காரேன்." அடுப்படியிலிருந்து அவள் சொன்னாள்: "கை வேலையா இருக்கேன், அப்புறம் வரேன்." அவன் மறுமுறை அழைக்கவில்லை, அவளும் செல்லவில்லை. இரும்புக்கு நெடுந்துயிலுக்குரிய காப்பெல்லாம் செய்து முடித்தவன், தன் மனையாளுக்குரிய ஒரு சொல்லை மட்டும் நாவிலேயே வைத்துக்கொண்டு போனான்.

"இந்த கிரீஸை எடுத்துடட்டுமாம்மா?"

"கோலைக் குடுங்க. நானே எடுக்கறேன்."

துணி சுற்றிய கோலைக் குழலுள் செலுத்தி அவள் தள்ளினாள். மறுமுனையில் மசகு மஞ்சள் நிறமாய்ப் புழுப்போல் நெளிந்து வெளிவந்தது. கணவன் இறந்தநாளில் வாய்விட்டு அழாதவள், இப்போது ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு சொல்லாக வைது தீர்த்தாள். "எங்கிட்ட சொல்லக்கூடாதா? நான் என்ன அந்நியமா? இரும்பைவிடவா நான் கேவலமாப் போயிட்டேன்?" கம்மியன் முகந்திருப்பி, தோட்டத்தைப் பார்ப்பவன் போல நின்றான்.

குழல் தூய்மையுற்றது, துருவும் நீங்கியது. பின்னர் கம்மியன் மெல்லக் கூறினான்: "லைசென்ஸ் அவர் பேர்ல இருக்கு. இனிமே வீட்ல வெச்சுக்க முடியாது. என் கடையில ஒப்படைச்சுடலாம். ரொம்ப நாள் இருக்கணும்னா திரும்ப கிரீஸ் போட்டுடறேன்."

"வேணாங்க. லேசா எண்ணெய் மட்டும் விடுங்க. லைசென்ஸ் இருக்கறவங்க யாராவது கேட்டா குடுத்துடுங்க. இங்க எல்லாத் தோட்டத்துலயும் பன்னித் தொல்லைதானே."

அவன் கலனைச் சாக்கில் சுற்றித் தோளிலேற்றிச் சரிவிறங்கி மறைந்தான். மசகு படிந்த விரல்களைக் கழுவ மனமின்றி, அவற்றையே நோக்கியவாறு அவள் முற்றத்தில் நின்றாள். அன்று அவள் உலை வைக்கவில்லை. கற்றறிந்த பெரியீர், மறைத்தவன் அவளை வெறுத்து மறைத்தானல்லன். அழைத்தபோது போகாதவளும் அன்பின்றிப் போகாதிருந்தாளல்லள். ஆயினும், சாவு ஒருமுறைதான் பிரிக்கும். சொல்லாதுவிட்ட சொல்லோ, எஞ்சியவரை நாள்தோறும் பிரித்துக்கொண்டே இருக்கும்.