அப்டேட் எங்கே ஏறியது?

எனக்குப் பொறுமை கிடையாது. இதைச் சொல்ல நான் வெட்கப்படுவதில்லை. என் வீட்டுக்காரரே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். ஆனால் பல் செய்ய உட்கார்ந்துவிட்டால் என்னைப் போல நிதானமான ஆளைப் பார்க்க முடியாது. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். நான் கம்ப்யூட்டரில் பல்லை வரைந்து, மெஷினில் பீங்கானைச் செதுக்கிக் கொடுப்பேன்.

அன்று என் கையில் இருந்தது ஒரு டீச்சரின் முன்பல். மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் பாதி உடைந்து போயிருந்தது. மறுநாள் காலை அவர் தலைமை ஆசிரியையாகப் பொறுப்பேற்க வேண்டும், முந்நூறு பிள்ளைகள் முன்னால் பேச வேண்டும். நாலு நாளாகக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டுதான் நடமாடுகிறார். "பல்லு வரலேன்னா நான் போகவே மாட்டேன்" என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மாலை ஐந்து மணிக்குப் பல் கீழ்த்தளத்து டாக்டரிடம் இருக்க வேண்டும்.

மூன்று மணிக்கு வரைந்து முடித்தேன். அந்த நேரம் பார்த்துத் திரை முழுவதும் நீலமாக ஓர் அறிவிப்பு. பெரிய எழுத்து, பளபளக்கும் முத்திரை, பீப் பீப் என்று சத்தம் வேறு. "உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது. ஐந்து நிமிடத்தில் அப்டேட் செய்யாவிட்டால் எல்லாக் கோப்புகளும் அழியும்." மவுஸைப் பச்சைப் பொத்தான் வரைக்கும் கொண்டு போய்விட்டேன்.

"அண்ணி, கையை எடுங்க!"

என் நாத்தனார். ரயிலில் டிக்கெட் பரிசோதகர். லீவு நாளில் என் பட்டறைக்கு வந்து, இருப்பதிலேயே நல்ல நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து என்னைக் குறை சொல்வதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு.

"எல்லாம் அழிஞ்சிடும்னு போட்டிருக்குடி!"

"அவசரப்படுத்துறவனைத்தான் நான் முதல்ல நிறுத்துவேன். இது எங்க ஏறுச்சு?"

"எங்க ஏறுச்சுன்னா?"

"இது வர்றதுக்கு முன்னாடி என்ன திறந்து வச்சிருந்தீங்க? உண்மையைச் சொல்லுங்க."

பழைய பாட்டுகளை இலவசமாகப் போடும் ஒரு தளம். வேலைக் கம்ப்யூட்டரில் கண்டதையும் திறக்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியவளே நான்தான். வேறு வழியில்லாமல் சொன்னேன். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

"சரி, பிரவுசரை மூடுங்க. கம்ப்யூட்டரோட சொந்த அப்டேட்னா, பிரவுசர் போனாலும் இது திரையிலேயே இருக்கும். கூடவே இறங்கிடுச்சுன்னா அந்தப் பாட்டு ஸ்டேஷன்ல ஏறின ஆளுதான்."

மூடுவதற்கான குறியே கண்ணில் படவில்லை. கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் அழுத்தி, டாஸ்க் மேனேஜருக்குள் போய் பிரவுசரை முடித்து வைத்தேன். நீலம், பீப் எல்லாம் ஒரே நொடியில் காணாமல் போயின. அடியில் நான் வரைந்த பல் பத்திரமாக இருந்தது. செட்டிங்ஸுக்குள் நானே போய்ப் பார்த்தேன். எந்த அப்டேட்டும் பாக்கி இல்லை. நாத்தனாரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு மாதத்துக்குச் சொல்லிக் காட்டுவாள் என்பதால் விட்டுவிட்டேன்.

பல்லை மெஷினுக்கு அனுப்பினேன். மெஷின் அசையவில்லை. திரையின் மூலையில், சாம்பல் நிறத்தில், ஒரு சின்னப் பெட்டி: "புதிய பதிப்பு தேவை. நிறுவவா, பிறகா?"

"வந்துட்டான் இன்னொருத்தன்!" என்று 'பிறகு' மேல் அழுத்தினேன். மறுபடி வந்தது, மறுபடி அழுத்தினேன். நாலாவது தடவை மவுஸை மேசையில் ஒரு அடி அடித்தேன். மணி மூன்றரை.

"எல்லாரையும் இறக்கி விட்டா ரயில் காலியாத்தான் போகும் அண்ணி. இவன்கிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க."

"மூஞ்சியைப் பாரு! இவனா நிஜமான ஆளு?"

"கோட்டு சூட்டு போட்டவன்கிட்டதான் பாதி நாள் டிக்கெட் இருக்காது. கசங்கின சட்டைக்காரன் பத்திரமா பையில வச்சிருப்பான்."

பிரவுசர் மூடியே கிடந்ததால் பாட்டின் மேல் பழி போட முடியவில்லை. பெட்டியைத் தொடாமல், பல் வரையும் மென்பொருளின் மெனுவுக்குள் போய் அப்டேட் பக்கத்தைத் திறந்தேன். அங்கேயும் அதே பதிப்பு எண்தான் இருந்தது. அப்போதும் மனசு கேட்கவில்லை. மெஷினோடு வந்த கையேட்டில் இருந்த எண்ணைப் பார்த்து சர்வீஸ்காரரைக் கூப்பிட்டேன்.

"நம்மளோடதுதான் மேடம்," என்றார் அவர். "மூணு வாரமா அது உங்களைக் கெஞ்சிக்கிட்டிருக்கு. நீங்கதான் பிறகு, பிறகுன்னு தள்ளிக்கிட்டே வர்றீங்க. நேத்தோட கெடு முடிஞ்சுபோச்சு."

போனை ஸ்பீக்கரில் போட்டது என் புத்திகெட்டதனம். நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மென்பொருளுக்குள் இருந்தபடியே நிறுவினேன். கால் மணி நேரம் ஆயிற்று. அதன்பின் மெஷின் முனகிக்கொண்டு செதுக்க ஆரம்பித்தது. செதுக்கிய பல்லைச் சின்னச் சூளையில் சுட்டு, ஆறவைத்து, மெருகேற்றி, ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டப்பாவோடு படியிறங்கி ஓடினேன். நாத்தனாரும் பின்னாலேயே வந்தாள்.

டாக்டர் பல்லைப் பொருத்தி முடித்ததும் டீச்சர் வெளியே வந்தார். கண்ணாடி முன்னால் நின்று மெதுவாக உதட்டைப் பிரித்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணீரும் வந்தது. "நாளைக்குப் போறேங்க," என்றார்.

நாத்தனார் சும்மா இருப்பாளா? "கொஞ்சம் காட்டுங்க டீச்சர்" என்று கிட்டே போனாள். குனிந்து பார்த்தாள், வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். கடைசியில் ரொம்ப நிச்சயமாக ஒரு பல்லைக் காட்டினாள்.

"இதுதானே அண்ணி செஞ்சது?"

"அது எனக்கு ஏழு வயசுல முளைச்சதும்மா," என்றார் டீச்சர்.