ஆறு முறை இல்லை

…ஆகவே மனிதகுலத்தில் இனி எவராலும் ஏமாற்ற முடியாத முதல் ஆள் நான்தான், இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன், ஒரு மோசடிக்காரன் வாயைத் திறந்து 'ஹலோ' சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிடும், அப்படிப்பட்ட ஒருவனைப் பயிற்சி மாணவன் என்ற பெயரில் வாசலில் நிறுத்தி, வருகிறவர்களுக்கு நம்பர் சீட்டு எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது இந்த பேங்கின் செலண்டார் கிளை, நாட்டுக்கே இழப்பு… இன்றைக்குக் கூடுதல் இழப்பு, மேனேஜர் முதல் மூன்றாம் கவுண்டர் நிர்மலாதேவி அக்கா வரை எல்லோரும் ஆயர் குரோவில் ஒரு வகுப்புக்குப் போயிருக்கிறார்கள், வகுப்பின் தலைப்பு 'முதிய வாடிக்கையாளர்களை மோசடியிலிருந்து காப்பது எப்படி', எப்படிக் காப்பது என்று கற்றுக்கொள்ளப் போய்விட்டதால் காப்பதற்கு இங்கே ஆளில்லை, முதலாம் கவுண்டரில் ஷாந்தினி, கதவருகே நான், சுவரொட்டியில் 'விழிப்பாக இருங்கள்' என்று பல் தெரியச் சிரிக்கும் ஒரு வெள்ளைத்தலைத் தம்பதி, அவ்வளவுதான் பாதுகாப்பு. அப்புறம், மூன்றாவது நாற்காலியில் அப்புசாமி தாத்தா. அவர் கணக்கில் சேரமாட்டார், அவர் தினமும் வருகிறவர், செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டி ஓய்ந்தவர், பத்து மணிக்கு வந்து, நம்பர்கூட எடுக்காமல், அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நான் அந்தப் பக்கம் போகும்போது மட்டும் தலையை நிமிர்த்தி, “வந்திருச்சா தம்பி?” என்பார். “இன்னும் இல்ல தாத்தா.” “பரவால்லலா, நீங்க வேலையப் பாருங்க.” திட்டினால் தேவலை. ஒரு நாளாவது திட்டினால் எனக்கு மதியச் சோறு இறங்கும்…

ஏழு வாரத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை அது. ஓய்வுப் பணம் முழுவதையும் எடுத்து யாரோ ஒருவர் கணக்கில் போட வேண்டும் என்று வந்தார், பெரிய தொகை என்றால் பேங்க் ஆறு கேள்வி வைத்திருக்கிறது, அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கேட்டே ஆக வேண்டும், லாபம் தருவதாக யாராவது சொன்னார்களா, முன்பின் தெரியாதவர் கேட்டாரா… நான்காவது கேள்வி இணையத்தில் வந்த காதலைப் பற்றியது, அப்புசாமி தாத்தாவிடம் நான் அதைக் கேட்டேன், முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல் “இல்ல” என்றார், ஆறுக்கும் “இல்ல”, கேள்வி முடிவதற்கு முன்பே “இல்ல”, என்ன ஒரு வேகம் என்று எனக்கு மகிழ்ச்சி, பதினொரு விநாடியில் ஆறு டிக், “தாத்தா, நீங்கதான் நம்ம பிராஞ்ச்லயே பெஸ்ட் கஸ்டமர்லா” என்று வேறு சொன்னேன். சட்டைப் பையில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. “டார்ச் எரியுது தாத்தா” என்றேன். அவர் உள்ளங்கையால் பையை மூடிக்கொண்டார். அது டார்ச் இல்லை, போன், மறுமுனையில் போலீஸ் என்று சொல்லிக்கொண்ட ஒருவன் என் பதினொரு விநாடியையும் கேட்டுக்கொண்டிருந்தான், அந்தப் பாராட்டையும் கேட்டிருப்பான்… சிரித்திருப்பானா? நானாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அன்றைக்கு மூன்றாம் கவுண்டருக்கு அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை, ஏனென்றால் அந்தக் கவுண்டர் என்னுடைய நகைச்சுவைச் சொத்து, 'மூன்றாம் கவுண்டருக்குள் வாலிபனாகப் போனவர் பென்ஷனோடு வெளியே வந்தார்' என்று காலேஜ் குரூப்பில் எழுதினேன், முந்நூற்று நாற்பது பேர் சிரித்தார்கள். நிர்மலாதேவி அக்காவிடமே கேட்டேன், “வயசானவங்க வந்தா மட்டும் உங்க பிரிண்டர் ஜாம் ஆவுதே, எப்படிக்கா?” “அதுக்கும் வயசாச்சுலா. சொந்தக்காரங்களப் பாத்த மாரி நின்னு பேசுது.” தாத்தாவின் பணம் போன பிறகு, நான் கேட்காமலே சொன்னாள், “நேரா சொன்னா எந்திரிச்சுப் போயிருவாங்கடா. பேங்க்காரனும் கூட்டுன்னு போன்ல பேசுறவன் முன்னாடியே சொல்லி வச்சிருப்பான். நேரா பக்கத்து பேங்க்ல போயி எடுத்துக் கொடுத்துருவாங்க. உக்கார வச்சுப் பேசணும். பயம் இறங்க நேரம் ஆவும்.” சரி என்று தலையாட்டினேன், நேரம், நேரம், இவளுக்கு எல்லாமே நேரம்தானா என்று அப்போதும் மனதுக்குள் ஒரு வரி ஓடியது, அதையும் எழுதியிருப்பேன், அப்புசாமி தாத்தா பார்த்துக்கொண்டிருந்ததால் எழுதவில்லை…

கதவு திறந்தது. சந்தைக்குப் போகும் பாசார் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓர் அம்மா, எழுபது இருக்கும், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார், பேங்கில் யார் செருப்பைக் கழற்றுகிறார்கள்? “எல்லாத்தையும் எடுத்து இந்த நம்பர்ல போடணும் தம்பி. வீடு ரிப்பேரு.” துண்டுச் சீட்டில் ஒரு கணக்கு எண். கேள்வித்தாளை எடுத்தேன், “லாபம் வரும்னு யாராச்சும்…” “இல்ல.” “தெரியாத ஆளு…” “இல்ல.” மூன்றாவதை நான் தொடங்கவே இல்லை, “இல்ல தம்பி” என்று வந்துவிட்டது. பேனா நின்றது. பைக்குள் கங்கோங் கீரைக் கட்டுக்கும் கருவாட்டுப் பொட்டலத்துக்கும் நடுவே போன் திரை எரிந்துகொண்டிருந்தது, ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம், ஐம்பத்துமூன்று… இன்னும் துண்டிக்காத அழைப்பு. “ஐசி கொடுங்கம்மா, காப்பி எடுக்கணும்.” அடையாள அட்டையை நீட்டினார், நான் பிடித்தேன், அவர் விடவில்லை, பெரியநாயகி என்ற பெயரின் மேல் அவருடைய கட்டைவிரல், என் விரல், இரண்டும். “இது திரும்பி வந்துரும்ல தம்பி? சிவப்பா மாத்திர மாட்டாங்கள்ல?” குரலை இன்னும் தாழ்த்தி, “அறுவத்திரெண்டு வயசுலதான் நீலம் கெடச்சிச்சு. எஸ்டேட்லயே பொறந்தும்…” சட்டென்று பையைப் பார்த்தார். ஓ. லாபம் இல்லை, காதல் இல்லை, குடியுரிமையைப் பிடுங்கிவிடுவேன் என்றிருக்கிறான், வாழ்நாளில் பெரும்பகுதி, குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசியோடு, பிறந்த நாட்டிலேயே வெளியாளாக வரிசையில் நின்ற ஒருவரிடம். எங்கள் ஆறு கேள்வியில் அது எங்கே இருக்கிறது? யாருக்கும் தோன்றவில்லை, அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

கத்தலாமா? போனைப் பிடுங்கலாமா? பிடுங்கினால் எழுந்து ஓடுவார், நாலு கடை தள்ளி இன்னொரு பேங்க் இருக்கிறது, அங்கேயும் என்னைப் போல் வேகமான ஒருவன் நின்றுகொண்டிருப்பான், பெஸ்ட் கஸ்டமர்லா என்பான். அக்காவுக்கு மெசேஜ் அனுப்பினேன், ஒற்றை டிக், வகுப்பில் போனை அணைக்கச் சொல்லியிருப்பார்கள், காப்பது எப்படி என்ற வகுப்பில். ஷாந்தினி “அடுத்த நம்பர்!” என்றாள், கவுண்டர் காலி, இந்த அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவே பத்தடி தூரமும் ஒரு நம்பர் சீட்டும்தான். நான் நம்பர் சீட்டு மிஷின் பக்கம் திரும்பி, மூடியைத் திறந்து, காகிதச் சுருளை உருவி என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். “மிஷின் ரோசாக் ஆயிருச்சும்மா, சீட்டு வர மாட்டேங்குது. கொஞ்சம் உக்காருங்க.” ஷாந்தினியைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினேன், அவள் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள், 'மூடப்பட்டது' பலகையை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தாள்.

அம்மாவை உட்கார வைத்துப் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன், அந்தப் பக்கம் அப்புசாமி தாத்தா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் எதையும் கேட்காமல்… இப்போது என்ன பேசுவது? முந்நூற்று நாற்பது பேரைச் சிரிக்க வைத்தவன், ஒரு வாக்கியம் வரவில்லை. நிர்மலாதேவி அக்கா எதில் தொடங்குவாள்? பிள்ளைகளா? கோயிலா? சுருள் சட்டைக்குள் குத்தியது. “சாப்பிட்டீங்களாம்மா?” என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், முதல்முறையாக என் முகத்தை. “அந்த சாரும் காலையில மொதல்ல இதத்தான் கேட்டாரு” என்றார், சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது போலப் பையின் வாயை இறுக்கினார். பைக்குள்ளிருந்து சத்தமில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறான். கேட்டுவிட்டுப் பதிலுக்கும் காத்திருந்திருப்பான், கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம், இந்த ஊரில் வேறு யார் இந்த அம்மாவுக்கு அவ்வளவு நேரம் கொடுத்தார்கள்… அவன் குரலும் இப்படித்தான் இருந்திருக்குமோ, மெதுவாக, மரியாதையாக, என் வயதில், என் தமிழில்?

“என்ன கறிம்மா வச்சீங்க?” என்றேன்.

அவர் யோசித்தார். நானும் போனும் காத்திருந்தோம்.