ஐம்பது என்று எழுதியவர்கள்

கடைக்காரர் எடுத்து வைத்த புத்தகங்களில் தலையணை மாதிரி இருந்ததைத்தான் நான் முதலில் தூக்கினேன். எனக்கும் படிப்புக்கும் ஏழாம் பொருத்தம். ஏசி மெக்கானிக்கான எனக்கு எதுவும் கனமாக இருந்தால்தான் நம்பிக்கை வரும். நர்சிங் கல்லூரி நுழைவுத்தேர்வு எழுத என் மனைவிக்கு இதுதான் கடைசி வாய்ப்பு, அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். போன தடவை ஒரே ஒரு மதிப்பெண்ணில் கோட்டை விட்டிருந்தாள்.

"இதையே எடுத்துக்கோ. இதுல இல்லாததா?" என்றேன்.

அவள் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரே பாடத்தைத் திறந்து, ஒரே மாதிரிக் கணக்கைத் தேடிப் படித்து, மூடித் தள்ளி வைத்தாள். துணி எடுக்கும்போதுகூட இப்படிப் புரட்டமாட்டாள். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"என்னம்மா, எல்லாத்துலயும் அதே பக்கத்தையே பாக்கறீங்க?"

"போன வருஷம் நான் தப்பா போட்ட கணக்கு சார். யாரு எப்படிச் சொல்லித் தராங்கன்னு பாக்கறேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, போறப்ப மணிக்கு நாப்பது கிலோமீட்டர். அதே வழியில திரும்பறப்ப அறுபது. சராசரி வேகம் என்ன?"

"அம்பது. இதென்ன பிரமாதம்?"

"நானும் அம்பதுன்னுதான் எழுதினேன்."

மூக்குடைந்தாலும் துணைக்கு ஆள் இருந்தது. தலையணைப் புத்தகத்தில் ஒரு சூத்திரமும், அதன் கீழே நாற்பத்தெட்டு என்ற விடையும்தான் இருந்தன. மற்றவையும் அதே கதைதான். கடைசியாக, அட்டை மங்கிய ஒல்லிப் புத்தகம் ஒன்றைப் பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இங்க பாருங்க. 'பலரும் ஐம்பது என்று எழுதுவார்கள். மெதுவாகப் போகும்போது அதிக நேரம் சாலையில் இருக்கிறோம், அதை மறந்துவிடுகிறார்கள்.'" அவள் முகம் மலர்ந்தது. "நான் எங்க தடுக்கி விழுவேன்னு இந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்குங்க."

நானாக இருந்தால் என்னைக் கவிழ்த்த கணக்கின் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்கமாட்டேன். இவள் அதைக் கையோடு கூட்டிக்கொண்டு கடைக்கே வந்திருக்கிறாள். எனக்கு அவளை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது. தலையணையைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு ஒல்லிப் புத்தகத்துக்குப் பணம் கொடுத்தேன்.

பேருந்தில் உட்கார்ந்ததும் அதே பாடத்தில் வேறொரு கணக்கை எடுத்துக்கொண்டாள். விடையை இடது கையால் மூடிக்கொண்டு, வலது கை விரலால் முழங்கால் மேல் எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். எங்கள் நிறுத்தம் வந்தது. நான் கூப்பிடவில்லை. கண்டக்டர் என்னைப் பார்த்தார். அடுத்ததில் இறங்குகிறோம் என்று சைகை காட்டினேன்.

அவள் விரல் நின்றது. மூடியிருந்த கையை மெல்ல எடுத்தாள். எனக்குப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.