எகோன் தோட்டத்துக் கறுப்புப் பழங்கள்

பூமியின் தென்பாதியில் குளிர்காலமான ஜூலையில், புல்லெல்லாம் வெள்ளையாய் உறைந்து கிடந்த காலையில், நில்வா க்ரோலோ அடுத்தவர் தோட்டத்து மரத்தில் ஏணி சாத்தி ஏறி நின்றாள். இலையுதிர்ந்த பீச் கிளைகளில் போன வருஷத்துப் பழங்கள் கறுத்துச் சுருங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிய்த்துப் பிய்த்து இடுப்பில் கட்டிய சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள்.

நாய் குரைத்தது. பின்னாலேயே தோட்டத்துக்காரர் எகோன் மூச்சிரைக்க வந்தார்.

"யாருடா அது என் மரத்துல?"

"நான்தாண்ணே, நில்வா."

"குளிர்காலத்துல வந்து என்னத்தம்மா திருடுற? பழமா காய்ச்சுத் தொங்குது?"

"தொங்குதே! இந்தாங்க, நீங்களே பாருங்க." ஒன்றைப் பிய்த்து அவர் காலடியில் எறிந்தாள்.

இருவர் தோட்டத்துக்கும் நடுவே ஒரு கம்பிவேலிதான். பெலோட்டாஸ் மலைப்பக்கத்தில் எல்லோருக்கும் பீச்தான் பிழைப்பு. போன நவம்பரில், பறிக்க வேண்டிய வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பழத்தில் பொட்டு மாதிரி ஒரு பழுப்புப் புள்ளி விழும். மறுநாளே பழம் முழுக்கப் பரவி, மேலே சாம்பல் பூத்துவிடும். நில்வாவின் விளைச்சலில் பாதி மரத்திலேயே அழுகிப்போனது. "மழை செய்யிற வேலைக்கு நாம என்ன பண்ண முடியும்?" என்று அவள் கணவன் அடெலார் கையை விரித்துவிட்டான். நில்வாவுக்கு மனசு ஆறவில்லை. முதலில் அழுகியது எகோன் தோட்டத்தை ஒட்டிய வேலியோரத்து வரிசை என்பதை அவள் கவனித்திருந்தாள். மரங்களைச் சுத்தம் பண்ணச் சொல்லி எகோனிடம் எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தரமும் "பார்க்கலாம்" என்றார். கடைசியில் அவளே வேலி தாண்டிவிட்டாள்.

"காஞ்சு போன சக்கை. இது உன்னை என்ன பண்ணிச்சு?" என்றார் எகோன்.

"செத்துடுச்சுன்னு நினைக்கிறீங்களா? உள்ள பூசணம் உயிரோட இருக்குண்ணே. பூக்கிற நேரத்துல ஒரு மழை பெஞ்சா முழிச்சுக்கும். காத்துல பறந்து பூவுல உக்காரும். அப்புறம் காய்க்குள்ள சத்தமில்லாம பதுங்கிக்கிட்டு, பழுக்கறப்போ வெளிய வரும்."

"நான்தான் மருந்து அடிக்கிறேனே!"

"நோயை மரத்துலயே தொங்க விட்டுட்டு அதுக்கே மருந்தும் அடிச்சா? நல்லா இருக்குண்ணே உங்க வைத்தியம்!"

எகோனின் முகம் சிவந்தது. பெரிதாய்க் கத்தப் போகிறார் என்று நில்வா கிளையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவர் காலடியில் கிடந்த பழத்தைக் குனிந்து எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏணியை இப்படியா சாத்துறது? விழுந்து கால உடைச்சிக்கிட்டா அடெலார் என் உசிரை வாங்குவான். இறங்கு, நான் ரம்பம் எடுத்துட்டு வரேன்."

அன்று ஆரம்பித்தது வேலை. கறுத்த பழங்களைப் பிய்த்தார்கள், பட்டுப்போன குச்சிகளை அறுத்தார்கள், காற்றும் வெயிலும் நுழையும்படி நடுக்கிளைகளைக் கழித்தார்கள். எல்லாவற்றையும் ஆழமாய்க் குழி தோண்டிப் புதைத்தார்கள். நடுநடுவே வேலிக்கம்பத்தில் சாய்ந்துகொண்டு சுடச்சுட மாத்தே என்ற மூலிகைத் தேநீர் குடித்தார்கள். வசந்தத்தில் மலை முழுக்க ரோஜா நிறத்தில் பூத்தபோது தூறல் வந்தது. தூறல் விட்ட இடைவெளியில் எகோனின் டிராக்டரிலேயே இரண்டு தோட்டத்துக்கும் மருந்து அடித்தார்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூசணத்துக்குப் பழகிவிடும் என்று நில்வா ஒவ்வொரு முறையும் மருந்தை மாற்றினாள்.

நவம்பர் வந்தது. பழங்கள் மஞ்சள் பிடிக்கத் தொடங்கிய நேரத்தில் வானம் இருண்டது. விடாமல் மழை. எகோன் நனைந்த தொப்பியோடு சமையலறைக்குள் பாய்ந்தார்.

"எல்லாரும் பறிக்கறாங்க நில்வா! காயா இருந்தாலும் பரவால்லன்னு டின்னுல அடைக்கிற ஆலைக்கு அனுப்பறாங்க. நாமளும் பறிச்சிடலாம்!"

"காயைப் பறிச்சு வித்தா என்னண்ணே கிடைக்கும்? நல்லாப் பழுத்தா சந்தையில கொத்திக்கிட்டுப் போவாங்க."

"அழுகிட்டா? அப்போ யார் கொத்துவா, காக்காயா?"

நில்வா மேசை மேலிருந்த மூடிய பெட்டியை முன்னால் இழுத்தாள். மழைக்கு முன்பே இரண்டு தோட்டத்திலும் அங்கங்கே காய் பறித்து, உள்ளே ஈரத்துணி விரித்து அடுக்கி மூடி வைத்திருந்தாள். பூசணம் பதுங்கியிருந்தால் இந்தப் புழுக்கத்தில் வெளியே வந்துதான் ஆக வேண்டும்.

"திறக்கட்டுமா?"

"திறந்து தொலை! எனக்கு நெஞ்சு படபடங்குது."

அடெலாரும் பக்கத்தில் வந்து நிற்க, மூடியை எடுத்தாள். பழ வாசம் முகத்தில் அடித்தது. மூவரும் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள். ஒவ்வொன்றாய்ப் புரட்டினாள். ஒன்றில் மட்டும் பழுப்பு வட்டம். மற்றவையெல்லாம் பளபளவென்று இருந்தன.

"ஒண்ணே ஒண்ணு!" என்று கத்தினான் அடெலார். கையை விரித்த அதே ஆள்தான்.

"அது உங்க வீட்டுக் காய்தான், என்னுது இல்ல," என்றார் எகோன்.

பறிக்காமல் காத்திருப்பது என்று முடிவானது. ஆனாலும் அவர்கள் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மழை விட்ட காலையில், செருப்புக்கூடப் போடாமல் நில்வா ஓடினாள். பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய முதல் மரத்தடியிலேயே சாம்பல் பூத்த பழங்கள்! அடுத்த மரத்துக்கு ஓடினாள். பழம் நன்றாக இருந்தது. அடுத்ததிலும் அப்படியே. வேலியோரத்து வரிசைக்குப் போய், கிளையை விலக்கி, மஞ்சளும் சிவப்புமாய்க் கனத்துத் தொங்கிய பழங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தோலில் மழைநீர் முத்து முத்தாய் நின்றது. புள்ளி ஒன்றும் இல்லை.

"அண்ணே! எகோன் அண்ணே!"

வேலிக்கு அந்தப் பக்கம் எகோன் ஏற்கெனவே மரத்தில் இருந்தார். வாய் நிறையப் பழம். தாடியில் சாறு வழிந்தது.

"கத்தாதே! என் மரத்தைப் பாத்தியா? உன்னுதைவிட நல்லாவே இருக்கு!"

"மெல்ல மென்னு முழுங்குங்க, கொட்டை தொண்டையில சிக்கப் போகுது!"

பள்ளத்து மரங்களின் பழங்களை அடெலார் அப்போதே தனியாய்ப் பறித்து அழுகலை அப்புறப்படுத்தினான்; நோய் அதற்கு மேல் ஏறவில்லை. வெயில் சுள்ளென்று அடிக்க, பழங்கள் நாளுக்கு நாள் நிறம் ஏறின. பிறகு ஒரு விடியலில் மூவரும் கூடைகளோடு இறங்கினார்கள். நில்வா பழத்தை நசுங்காமல் உள்ளங்கையில் ஏந்தித் திருகினாள். அது தானாகவே கழன்று வந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அழுகையும் கூடவே.

"வேடிக்கை போதும், பறி!" என்று எகோன் அதட்டினார். "சந்தைக்குப் போற லாரி வந்துடும்."