மூன்றாவது மவுண்ட்

'டங்!'

வேகத்தடையில் ஏறி இறங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் பின்பக்கத்திலிருந்து கிளம்பிய அந்தச் சத்தம், மந்தாரக்குப்பம் சாலையோரம் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றிருந்த யாசினின் காதில் போய் விழுந்தது. குனிந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. காதே சொல்லிவிட்டது. மவுண்ட் போச்சு!

பக்கத்து டீக்கடைச் சின்னதுரை கிளாஸைக் கழுவியபடியே எட்டிப் பார்த்தான்.

"இது மூணாவதா பாய்? பேசாம டஜன் கணக்குல எறக்கி வச்சிக்கயேன்!"

"நீ மொதல்ல டீயில தூள் போடுய்யா" என்றான் யாசின். குரலில் தெம்பு இல்லை.

கார் உறுமிக்கொண்டு உள்ளே வந்து நின்றது. இறங்கியவள் உமாராணி. நெய்வேலி மைன்ஸில் பழுப்பு நிலக்கரி சுமக்கும் கன்வேயர் பெல்ட்டுகளைக் கட்டி மேய்க்கும் இன்ஜினீயர். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். நெற்றியில் ஹெல்மெட் பதிந்த தடம் இன்னும் அழியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் பக்கத்தில் அவளுக்குக் கார் பந்தயம். அதில்தான் சிக்கல். ஷாக் அப்சார்பரின் தலையைக் காரின் உடம்போடு பிடித்துவைத்திருக்கும் மூடிதான் மவுண்ட். கம்பெனி மவுண்ட் இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. அதனால் ஆன்லைனில் அலுமினிய மவுண்ட் வரவழைத்து யாசின்தான் மாட்டியிருந்தான். உள்ளூர்த் தெருவில் உடைந்தால் 'டங்'கோடு போகும். பந்தய வளைவில், முழு வேகத்தில் உடைந்தால்? பின்பக்கம் துள்ளும், கார் சுழலும், சுவர் காத்திருக்கும்.

"நீங்க ஓட்டலாம்னு சொன்னா ஓட்டறேன் பாய். வேணாம்னா இல்ல" என்று உமாராணி ஏற்கெனவே சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தைதான் யாசினைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்தது.

"வேணாங்க மேடம். பார்ட்டே மட்டம். வேற பிராண்டு மவுண்ட் வரட்டும், அடுத்த பந்தயம் பாத்துக்கலாம்."

உமாராணி உடைந்த துண்டைக் கழற்றி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போலீஸ்காரர் கத்தியைப் பார்ப்பதுபோல.

"பார்ட் மேல பழி போடாதீங்க பாய். நல்ல உலோகம். கொஞ்சம் கொஞ்சமா நைஞ்சு உடையல. யாரோ கீழேருந்து சுத்தியலால அடிச்சிருக்காங்க."

"யாருங்க?"

"அதத்தான் பிடிக்கணும். டப்பாவுல வந்ததத் தவிர வேற என்ன சேத்தீங்க?"

யாசின் மனசாட்சியோடு யோசித்தான். "ஒண்ணும் சேக்கலீங்க. ஒரு வாஷர்கூட இல்ல. அல்லா மேல ஆணையா!"

மிச்சமிருந்த புது மவுண்டை மாட்டச் சொன்னாள். பிறகு மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தில் சுற்றியிருந்த ரப்பர் பேண்டை உருவினாள். ஷாக்கின் பளபளப்பான கம்பியில் அதை மாட்டி, அடிவரைக்கும் தள்ளிவிட்டாள்.

"கம்பி எவ்வளவு உள்ள போகுதோ, அவ்வளவு தூரம் இது மேல ஏறும். கம்பி வெளிய வந்தாலும் இது அங்கயே நிக்கும். சாட்சி பொய் சொல்லாது."

எத்தனை ஷாக் மாற்றியிருக்கிறான்! எத்தனை வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறான்! ஒரு ரப்பர் பேண்டைச் சாட்சிக் கூண்டில் ஏற்றலாம் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

பூனை நடப்பதுபோல வேகத்தடையில் ஏற்றி இறக்கிக் காரைத் திரும்பக் கொண்டுவந்தாள். யாசின் டார்ச் அடித்தான். ரப்பர் பேண்ட் கம்பியின் உச்சியில் நசுங்கிக் கிடந்தது.

"முட்டுதுங்க மேடம்! இவ்ளோ மெதுவா போயே முட்டுது!"

"அப்ப சுத்தியல் ஷாக்கேதான். அமுங்க இடமில்லாம தலையால இடிக்குது. இடம் எங்க போச்சு?"

யாசின் தரையில் விரிப்பை உதறிப் போட, அவள் அதில் மல்லாந்து காருக்கு அடியில் நகர்ந்தாள்.

"ஸ்ப்ரிங் உக்கார்ற ரிங் ஏன் இவ்வளவு கீழ இருக்கு?"

"நான்தாங்க எறக்கினேன். பின்பக்கம் தூக்கிகினு இருந்திச்சு. பாக்க ஒட்டகம் மாதிரி."

"ஏன் தூக்குச்சு? புது மவுண்டும் பழைய உயரம்தானே?"

"அலுமினியம் பாருங்க, கடகடன்னு ஒரே சத்தம். மேடம் வண்டி லொடலொடன்னு போனா எனக்கு அசிங்கமில்லயா? அதுக்காவ நடுவுல ஒரு..."

அவன் கண் அவள் படுத்திருந்த விரிப்பின்மேல் போனது. கறுப்பு, தடிமன், ஓரத்தில் இரும்பு நரம்பு.

பழைய கன்வேயர் பெல்ட்!

நெய்வேலியைச் சுற்றி எந்த வீட்டில் அது இல்லை? வாசலில் மிதியடி அதுதான். மாட்டுக் கொட்டகையில் தரை அதுதான். அதை வெட்டிப் போட்டதை யாராவது 'சேர்த்தேன்' என்று சொல்வார்களா? குழம்பில் தண்ணீர் சேர்த்ததை யார் சொல்கிறார்கள்?

"மேடம்... பெல்ட்டு. மவுண்டுக்கும் பாடிக்கும் நடுவுல, ரெண்டு பக்கமும் பெல்ட்ட வட்டமா வெட்டி வச்சேன். அதான் பின்பக்கத்தத் தூக்கிச்சு. அத எறக்க ரிங்க எறக்கினேன். ரிங்கு எறங்கவும் ஷாக்கு பாதி அமுங்கியே நிக்குது..."

காருக்கு அடியிலிருந்து திட்டு விழப்போகிறது என்று யாசின் காத்திருந்தான். வந்தது சிரிப்பு. கார் குலுங்குகிற அளவுக்குச் சிரிப்பு.

"பாய், ஷிஃப்ட் பூரா நான் பாக்கறது இந்த பெல்ட்டத்தான். இப்ப படுத்திருக்கறதும் இது மேலதான். எனக்கே தோணல!"

பெல்ட் வட்டங்கள் வெளியே வந்தன. ரிங்கை மேலே ஏற்றுவது யாசினின் வேலை. இரண்டு பக்கமும் நூல் பிசகாமல், அளவுகோலைத் தொடாமல், விரலால் தடவியே சமப்படுத்தினான். சரிபார்க்க டேப்பை நீட்டிய உமாராணி, அளவு இரண்டும் ஒன்றாகவே இருக்க, அதைச் சுருட்டிப் பையில் போட்டாள்.

"இது எனக்கு வராது பாய்."

கடைசிப் பரீட்சை. அதே வேகத்தடை, 'டங்' கேட்ட அதே வேகம். யாசின் பக்கத்தில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினான். கார் ஏறியது, பறந்தது, இறங்கியது.

கடகட. லொடலொட. அவ்வளவுதான். 'டங்' இல்லை.

இறங்கி ஓடிப்போய் டார்ச் அடித்தான். ரப்பர் பேண்ட் பாதிக் கம்பியில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. மவுண்டில் கீறல்கூட இல்லை.

உமாராணி ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அவனையே பார்த்தாள். அவள் கேட்காமலே சொன்னான்.

"ஓட்டலாங்க மேடம். ஞாயித்துக்கிழம ஓட்டலாம்."

"சத்தம் போடுதே, அசிங்கமில்லயா?"

"கத்தட்டும்ங்க! நான் கூட வந்து கேட்டுகினு இருக்கேன்."

சின்னதுரை கடையிலிருந்து குரல் கொடுத்தான். "என்னா பாய், லொடலொடன்னு வருது? நாலாவது மவுண்டா?"

யாசின் இரண்டு பெல்ட் வட்டங்களையும் எடுத்துப்போய் அவன் மேஜையில் பொத்தென்று போட்டான்.

"ஒன் ஸ்டவ்வு ஆடுதில்ல? அது காலுக்கு அடியில வச்சிக்க. மேடத்துக்கு ஒரு டீ போடு. தூள் போட்டு!"